அவள் சொன்னதும் நான் சொன்னதும்

இரண்டாயிரங்களின் பின்பாதியில் நான் மொழிபெயர்ப்பு வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்தேன். காலையில் மதுரை பழங்காநத்தத்தில் ஒரு டுடோரியலில் பத்தாம் வகுப்பு தவறியவர்களுக்கு ஆங்கிலம் நடத்துவேன். மதியத்துக்கு மேல் யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் மொழிபெயர்ப்பேன். கிரயப் பத்திரம், மருந்து டப்பாவுக்குள் வரும் துண்டுச்சீட்டு, தொண்டு நிறுவனங்களின் அறிக்கை, எல்லாம் வரும். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், படித்த கான்வென்ட்டில் ஆங்கிலம் என்று வளர்ந்தவள் நான். எதிரே இருப்பவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அது அடுத்த மொழியில் என் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பேசியவர் திக்கித் திணறிச் சொன்னதைக்கூட நான் சொல்லும்போது மழமழவென்று இருக்கும் என்பார்கள்.

குழந்தைகளுக்காக வேலை செய்துகொண்டிருந்த ஒரு சின்ன நிறுவனம் என்னைக் கூப்பிட்டது அதனால்தான். பருவநிலை மாற்றம் பற்றி அரசாங்கம் ஒரு கொள்கை எழுதப்போகிறது, அதற்கு முன்னால் ஊர் ஊராகக் கருத்துக் கேட்கிறார்கள், மதுரைக் கூட்டத்தில் குழந்தைகளும் பேச வேண்டும் என்று அதன் நிர்வாகி அலைந்து திரிந்து அரை மணி நேரம் வாங்கியிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வரைவை என் முன்னால் போட்டார்.

"படிச்சுப் பாருங்க. பயிருக்கு ஒரு அத்தியாயம், ஆடுமாட்டுக்கு ஒரு அத்தியாயம், காட்டுக்கு ஒண்ணு. பிள்ளைங்கங்கற வார்த்தை எங்க வருதுன்னு தேடிக் கண்டுபிடிங்க பாப்போம்."

தேடினேன். 'நலிந்த பிரிவினர்' என்ற ஒரு வரியில், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் நடுவில், இரண்டு காற்புள்ளிகளுக்குள் அது மாட்டிக்கொண்டிருந்தது.

"பஞ்சம் வந்தா மொதல்ல யாரு படிப்பு நிக்குது? யாரு கொடத்தத் தூக்கிட்டு அலையுது? அத அவுங்க வாயாலயே இவுங்க கேக்கணும்" என்றார் அவர்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. இன்றைக்கும் நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணைத் தயார்செய்து, கூட்டத்தில் அவள் பேசப் பேச ஆங்கிலத்தில் சொல்வது என் பொறுப்பு. செக்கானூரணியைத் தாண்டி மேற்கே, பஸ் போகும் ரோட்டை விட்டு இரண்டு மைல் உள்ளே அவள் ஊர். அந்தப் பகுதியின் களப்பணியாளர் ஒரு டிவிஎஸ் வண்டி வைத்திருந்தார். நாற்பது வயதுப் பெண். சேலையை முழங்கால் வரை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, கண்மாய்க்குள்ளேயே வண்டியை விட்டார். கரை மேல் போனால் சுற்று. உள்ளே தண்ணீர் இருந்தால்தானே கரையில் போக வேண்டும். தரை பாளம் பாளமாக வெடித்து, நடுக்கண்மாயில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது.

பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலை ஒட்டி ஐந்தாறு பெண்பிள்ளைகள் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ தண்டனை என்று நினைத்தேன்.

"இதுகள்லாம் மோட்டார்ப் பிள்ளைக மேடம்" என்றார் களப்பணியாளர். "கம்ப்ரஸர் சத்தம் கேட்டதும் ஓடணும்ல. நடுவுல உக்காந்தா மத்ததுகளத் தாண்டிப் போகணும்னு வாத்தியாரே இங்கன உக்கார வச்சிட்டாரு."

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒருவர் தோட்டத்தில் மட்டும் போர்வெல்லில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. த்ரீபேஸ் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது கம்ப்ரஸர் ஓடும். அது ஓடும்போது ஊர்க்காரர்கள் வந்து பிடித்துக்கொள்ளலாம் என்று அந்த மனிதர் விட்டிருந்தார். கரண்ட் காலையில் வரலாம், கணக்குப் பாடம் நடக்கும்போது வரலாம், பரீட்சை நடக்கும்போதும் வரலாம். தாய் தகப்பன் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடவோ கூலிக்கோ போயிருப்பார்கள். ஆகையால் பிள்ளைகள் ஓடுவார்கள். பெண்பிள்ளைகள்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. டக் டக் டக் என்று தூரத்தில் யாரோ இரும்பைத் தட்டுவது போல. வாசல் வரிசை அப்படியே எழுந்தது. அவர்களில் ஒருத்தி மட்டும் படியில் நின்று திரும்பி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்குவது மாதிரி சாய்ந்து, மினிபஸ் கண்டக்டர் குரலில் கத்தினாள்.

"குண்டாறு கம்மா கம்ப்ரஸரு ஏறு ஏறு ஏறேய்! உள்ள போ, உள்ள போ, எடம் கெடக்கு!"

வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். அவள்தான் நான் பார்க்க வந்த பெண்.

அதற்குப் பிறகு நான்கு சனிக்கிழமைகள் போனேன். பதின்மூன்று வயது அவளுக்கு. ஒல்லி, எண்ணெய் காணாத தலை, ஓயாத வாய். யார் குரலையும் அப்படியே பேசுவாள். இரண்டாவது வாரமே என் குரலைப் பிடித்துவிட்டாள். நான் 'அப்படியா' என்பதைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வேனாம். அதை என் முகத்துக்கு நேராகச் செய்து காட்டிவிட்டு, "கோவிச்சுக்கிறாதீகக்கா, வாய் சும்மா இருக்க மாட்டேங்குது" என்றாள்.

அவள் சொன்னதை எல்லாம் நோட்டில் எழுதினேன். குடம் தூக்கிக் கழுத்து வலிப்பது, கரண்ட் வந்த நாளில் அரையாண்டுப் பரீட்சை எழுதாமல் போனது, அப்பா உழவு மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போன அன்று தங்கை சாப்பிடாமல் கிடந்தது எல்லாம் அதில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் என்று ஒரு கட்டடம் இருந்தது, அதில் தண்ணீர் இல்லாததால் பூட்டியே கிடந்தது. அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை பெண்பிள்ளைகள் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

"குடிச்சா ஒண்ணுக்கு வரும்லக்கா? எங்கிட்டுப் போறது? அதான் வீட்டுக்குப் போயிச் சேத்துவச்சுக் குடிப்போம்."

இதை எல்லாம் ஒரு பக்கத்துக்குச் சுருக்கிப் பேச்சாக எழுதினேன். நிர்வாகி அதைப் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் கூட்டம் எதைப் பற்றியோ அந்த வார்த்தை அதில் வர வேண்டும் என்று முதல் வரியைத் திருத்திக் கொடுத்தார். 'பருவநிலை மாற்றத்தால் எங்கள் ஊர் பாதிக்கப்பட்டுள்ளது' என்று தொடங்கியது திருத்தம்.

அவளிடம் அதைப் படிக்கச் சொன்னேன். 'பருவநிலை' என்றதும் நிறுத்திவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பெரிய மனுசி ஆகுறதாக்கா?"

"இல்லடி. மழைக்காலம், வெயில் காலம் எல்லாம் மாறிப்போறது."

"அதுக்கு ஏன் இம்புட்டு வெக்கங்கெட்ட பேரு வச்சிருக்காக?"

நானும் சிரித்தேன். அதோடு அந்தச் சனிக்கிழமை முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் பள்ளிக்கூடத்தில் இல்லை. வயதுக்கு வந்துவிட்டாள் என்றார்கள். வீட்டுக்குப் போனோம். வாசலுக்குப் பக்கத்தில் தென்னந்தட்டி வைத்து மறைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் சிரித்தாள், ஆனால் யார் குரலிலும் பேசவில்லை. அவள் அப்பா கரிமூட்டத்திலிருந்து வந்து கை கால் கழுவாமல் நின்றார். கழுவத் தண்ணீர் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. கையெல்லாம் கருப்பு. மெதுவாகப் பேசுகிற மனிதர்.

கூட்டத்துக்கு அனுப்புவீர்களா என்று களப்பணியாளர் கேட்டார்.

"ஒரு நாளுதான தாயி. சடங்கு கழிச்சப்பறம் கூட்டிட்டுப் போங்க. பொழுதடையறதுக்குள்ள கொண்டாந்து விட்ருங்க."

"பள்ளிக்கூடத்துக்கு எப்ப விடுவீங்கண்ணே?"

அவர் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "தண்ணியில்லாத பள்ளிக்கூடத்துக்குச் சமைஞ்ச பிள்ளைய எப்பிடி விடுறது?" என்றாள். அது கேள்வி இல்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

திரும்பும்போது வண்டியில் களப்பணியாளர், காற்றில் பாதி கேட்டும் கேட்காமலும், "மில்லுக்கு ஆள் பிடிக்கிற பொம்பள இந்தப் பக்கம் வந்துட்டுப் போயிருக்கா மேடம்" என்றார். திண்டுக்கல் பக்கத்துப் பஞ்சு மில்கள் அப்போது வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளை மூன்று வருடத்துக்கு எடுத்து, அங்கேயே தங்கவைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தன. கடைசியில் கல்யாணத்துக்கு என்று மொத்தமாகக் கொடுப்பார்களாம். இது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் மேலே எதுவும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் 'பருவநிலை'க்கு அவள் வாயில் சிக்காத வேறு சொல் எது போடலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

கூட்டம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்தது. சென்னையிலிருந்தும் தில்லியிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். வெள்ளைக்காரர்களும் சிலர் இருந்தார்கள். உள்ளூர் அதிகாரிகள் முன்வரிசையில். எல்லோருக்கும் சணல் பை, பேனா, கழுத்தில் பெயர் அட்டை. அவளுக்கும் ஒரு அட்டை கொடுத்தார்கள். அதில் அவள் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு, "ஒரு எழுத்து கொறையுதுக்கா" என்றாள். உண்மைதான். பேனாவால் நான் சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.

ஏசியில் அவளுக்கு நடுங்கியது. என் துப்பட்டாவைப் போர்த்திவிட்டேன். ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருந்தார்கள். அவள் அதைத் தொடவில்லை.

"குடி. தொண்டை வறண்டா பேச வராது."

"வேணாங்க்கா. அப்பறம் ஒண்ணுக்கு வரும்."

"இங்க பாத்ரூம் இருக்கும்மா. வா, காட்டுறேன்."

"வேணாம். பழகிட்டேன்."

அவள் முறை பதினொன்றரைக்கு வர வேண்டியது. முன்னால் பேசிய பெரியவர்கள் நேரம் எடுத்துக்கொண்டதால் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தது. ஒரு மணிக்குச் சாப்பாடு. நிர்வாகி எங்கள் பக்கம் குனிந்து, சுருக்கமாக முடிக்கச் சொன்னார். காலையிலேயே கூட்டத்தை நடத்துகிறவர் எங்கள் எல்லோருக்கும் ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தார். இது கொள்கைக்கான இடம், தனிப்பட்ட குறைகளை இங்கே கொண்டுவரக் கூடாது, மனு கொடுப்பவர்கள் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகலாம்.

மேடையில் அவளுக்கு மைக் எட்டவில்லை. ஒருவர் வந்து இறக்கிவைத்தார். நான் பக்கத்தில் இன்னொரு மைக்கோடு நின்றேன். காகிதத்தைப் பார்க்காமலேயே முதல் மூன்று வரிகளைச் சொன்னாள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மோட்டார்ச் சத்தத்தைப் பற்றிச் சொன்னபோது அவளாகவே டக் டக் டக் என்று நாக்கால் செய்து காட்டினாள். சபை சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குத் தைரியம் கொடுத்துவிட்டது என்று நினைக்கிறேன். காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இதுல இல்லாத ஒண்ணு சொல்லவா?"

மைக்கில் அது எல்லோருக்கும் கேட்டது. நான் தலையாட்டினேன்.

"மத்ததெல்லாம் இவுங்க எழுதியிருக்காங்க, நீங்க அப்பறமாப் படிச்சுக்கிருவீங்க. நான் வர்ற திங்கக்கெழம மில்லுக்குப் போகணும். மூணு வருசம் அங்கதேன். எனக்குப் போகப் பிடிக்கல. நான் ஒம்பதாவது படிக்கணும். எங்கப்பா நல்லவருதான். பெரியாளுக யாராச்சும் வந்து எடுத்துச் சொன்னாக் கேப்பாரு. நீங்க இம்புட்டுப் பேரு இருக்கீங்க. எல்லாரும் வர வேணாம். ஒருத்தரு வந்தாப் போதும்."

சொல்லிவிட்டு நான் சொல்வதற்காகக் காத்து நின்றாள்.

என்ன நடந்தது என்று பல முறை யோசித்திருக்கிறேன். நான் பதறவில்லை, மறக்கவில்லை. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் தலைக்குள் வாக்கியம் தயாராகிவிட்டது. எப்போதும் போல மழமழவென்று. வறட்சியின் காரணமாகப் பல சிறுமிகள் பள்ளியை விட்டு ஆலைகளுக்குச் செல்லும் நிலை உள்ளது என்றும், பெற்றோரிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தச் சமூகத்தில் மதிப்புள்ளவர்கள் முன்வர வேண்டும் என்றும் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். 'நான்' என்று அவள் சொன்னது பல சிறுமிகள் ஆகிவிட்டது. திங்கட்கிழமை எங்கேயோ போய்விட்டது. ஒருவர் வந்தால் போதும் என்றது விழிப்புணர்வு ஆகிவிட்டது. தனிப்பட்ட குறை ஒன்றைக் கொள்கையாக மாற்றிவிட்டோம் என்று அந்த நொடியில் எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

கை தட்டினார்கள். நீண்ட நேரம் தட்டினார்கள். வெளிநாட்டுக்காரப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிர்வாகியும் தட்டினார். தமிழ் தெரிந்தவர்கள் அந்த மண்டபத்தில் பாதிப் பேராவது இருந்தார்கள், அவர்களுக்கு நான் தேவையே இல்லை, அவள் சொன்னதை நேராகவே கேட்டார்கள். அவர்களும் தட்டினார்கள்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜீப்பில் அவளைக் கொண்டுபோய் விட்டோம். செக்கானூரணி தாண்டியதும் பாட்டிலைத் திறந்து மடமடவென்று முழுவதையும் குடித்தாள். வீடு பக்கத்தில் வந்துவிட்டது அல்லவா. வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அதுல யாருக்கா வருவாங்க?"

"எதுக்கு?"

"எங்கப்பாட்டச் சொல்ல. மொத வரிசையில மீச வச்சு ஒருத்தரு உக்காந்திருந்தாருல, அவரா? அவரு ரொம்ப நேரம் தட்டுனாரு."

அவள் நிஜமாகவே ஆள் வருமென்று காத்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. களப்பணியாளர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் வாரேன்" என்றேன். "ஞாயித்துக்கிழமை வாரேன். அப்பாகிட்டப் பேசுறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வெள்ளி சாயங்காலம் அது. சனிக்கிழமை கூட்டத்தின் இரண்டாம் நாள், காலையிலிருந்து நின்றபடி மொழிபெயர்த்தேன். ஓய்வு நேரத்தில் நிர்வாகியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அதிர்ந்துதான் போனார். திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து கடிதம் எழுதலாம் என்றார். சாயங்காலம் அறிக்கையை என் கையில் கொடுத்தார்கள். குழந்தைகள் பேசியதன் ஆங்கிலப் பகுதி திங்கட்கிழமை காலை தில்லிக்குப் போய்ச் சேர வேண்டும், அப்போதுதான் வரைவில் ஏறும், இந்தச் சந்தர்ப்பம் போனால் திரும்ப வராது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பழங்காநத்தத்தில் ஒரு இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். வறட்சியால் பள்ளியை விட்டு ஆலைக்குச் செல்லும் சிறுமிகள் என்ற பகுதியைத்தான் அதிக நேரம் எடுத்து, அழகாக எழுதினேன். மூன்று மணிக்கு முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றிருந்தேன். நடுவில் கரண்ட் போய், சேமிக்காத பக்கங்கள் போய், முடிக்கும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. திங்கட்கிழமைதானே, விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய்விடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் பஸ்ஸில்தான் போனேன். ரோட்டிலிருந்து கண்மாய் வழியாக ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது அவள் அப்பா வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வேன் வந்துட்டுப் போயிருச்சு தாயி. விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டாக."

நான் நின்றேன். உட்காருங்கள் என்று சாக்கை விரித்துப்போட்டார்.

"நேத்துப் பூராம் ரோட்டயே பாத்துக்கிட்டு இங்கனயேதான் உக்காந்திருந்துச்சு. சோத்துக்குக் கூப்ட்டா வரல. யாருத்தா வரப்போறாகன்னு கேட்டேன். மதுரையில இருந்து ஆள் வரும், உங்ககிட்டப் பேசும்னுச்சு. நீங்கதானா அது?"

"நான்தான்."

அவர் மறுபடியும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார். "நீங்க வந்து சொல்லியிருந்தா நான் விட்ருப்பேனான்னு எனக்கே தெரியல தாயி. விட்ருக்க மாட்டேன்னும் சொல்ல மாட்டேன்."

அவர் சொன்னதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த வாரமே களப்பணியாளரும் நானும் மில்லுக்குப் போனோம். பெரிய இரும்பு கேட். பெற்றோர் தவிர வேறு யாருக்கும் அனுமதி இல்லை என்றார் வாட்ச்மேன். அவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு இன்னொரு முறை போனோம். அவரை மட்டும் உள்ளே விட்டார்கள். கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். "தண்ணி எந்நேரமும் வருதாம். ரெண்டு வேள குளிக்கிதாம்." பிறகு பஸ் ஸ்டாப் வரை எங்களுக்கு முன்னால் நடந்தார். நிர்வாகி இரண்டு கடிதங்கள் எழுதினார், யார் யாரையோ போய்ப் பார்த்தார். அவள் வயதுச் சான்றிதழில் பதினாறு என்று போட்டிருப்பதாக மில்லிலிருந்து பதில் வந்தது. யார் போட்டது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆறேழு மாதம் கழித்து அறிக்கை புத்தகமாக வந்தது. பளபளப்பான தாள். உள்ளே ஒரு முழுப் பக்கத்துக்கு அவள் படம், மைக்குக்கு முன்னால் சிரிக்கிற படம். கீழே மேற்கோள் குறிக்குள் நான் சொன்ன வாக்கியம், அவள் சொன்னதாக. கொள்கை வரைவின் அடுத்த பிரதியில் குழந்தைகளுக்கு ஒரு பத்தி கிடைத்திருந்தது. பள்ளிகளில் குடிநீர், கழிப்பறை, வறட்சிக் காலத்தில் பெண்குழந்தைகளின் இடைநிற்றலைத் தடுப்பது எல்லாம் அதில் இருந்தன. நிர்வாகி போனில் சொல்லும்போது அழுதுவிட்டார். அந்தப் பத்திக்காக அவர் எத்தனை வருடம் அலைந்தார் என்று எனக்குத் தெரியும். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அன்று என்னால் அவரோடு சேர்ந்து சந்தோஷப்பட முடியவில்லை.

இரண்டு வருடம் போயிருக்கும். என் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு வெளியே நீளமான பெஞ்சில் யாரோ என்னையே பார்ப்பது போலிருந்தது. அவள் அம்மாதான் முதலில் அடையாளம் தெரிந்தாள். பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தது அவள் என்று புரிய எனக்கு நேரம் ஆனது. உயரமாகியிருந்தாள். கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்தி, ஒவ்வொரு இருமலுக்கும் குனிந்து நிமிர்ந்தாள். பஞ்சுத் தூசி என்றாள் அம்மா. ஆறு மாதமாக இருமலாம். வேலைக்கு ஆகாது என்று மூன்று வருடம் முடிவதற்குள் அனுப்பிவிட்டார்களாம்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நல்லாருக்கீங்களாக்கா?" என்றாள். மரியாதையாக, அவளுடைய சொந்தக் குரலில். அவளுக்கென்று ஒரு குரல் இருந்ததை நான் அன்றுதான் கவனித்தேன். அடங்கிய, மெல்லிய குரல்.

"அன்னிக்கு நான் வரல" என்றேன். "ஞாயித்துக்கிழமை."

"அதெல்லாம் பரவால்லக்கா. உங்களுக்கு எம்புட்டு வேல இருக்கும்." கொஞ்சம் இருமினாள். "எனக்கு ஒண்ணுதான் மனசுல கெடக்கு. நான் அன்னிக்குப் பேப்பர்ல இருந்தத மட்டும் படிச்சிருக்கணுமோ? நானா ஏதேதோ பேசிட்டேன். சரியாப் பேசலபோல. அதான் யாரும் வரலன்னு நெனச்சேன். மில்லுல படுத்துக்கிட்டு அதையே எப்படி எப்படியோ மாத்தி மாத்திச் சொல்லிப் பாப்பேன். இப்பிடிச் சொல்லியிருந்தா வந்திருப்பாங்களோ, அப்பிடிச் சொல்லியிருந்தா வந்திருப்பாங்களோன்னு."

அங்கே வைத்துத்தான் அவளிடம் சொன்னேன். அவள் சொன்னதில் ஒரு குறையும் இல்லை, அதை நான்தான் சரியாகச் சொல்லவில்லை என்று. திங்கட்கிழமை என்பதை நான் சொல்லவே இல்லை, நீ என்பதையே சொல்லவில்லை என்று. ஏன் என்று கேட்பாளோ என்று பயந்துகொண்டே சொன்னேன். அவள் அப்படிக் கேட்கவில்லை. புரியாதவள் போல என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப அவுங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும் என்பதை நான் சொல்லவில்லை.

"இம்புட்டு நாளா, அம்புட்டுப் பேரும் கேட்டுட்டும் வரலன்னுல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் நிறைந்தது. அது எனக்காகவா, அவளுக்காகவா, ஏதாவது ஒரு பாரம் இறங்கியதாலா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் உள்ளேயிருந்து எக்ஸ்ரேவுக்குக் கூப்பிட்டார்கள். எழுந்து, "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு அம்மாவின் தோளைப் பிடித்தபடி போனாள். மதியம் வரை அந்த பெஞ்சில் இருந்தேன். அந்தப் பக்கம் இன்னொரு வாசல் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

அதன் பிறகும் நான் இந்த வேலையைத்தான் செய்தேன். வேறு வேலை தெரியாது. ஆனால் யாராவது 'நான்' என்றால் 'நான்' என்றே சொல்வேன். கிழமை சொன்னால் கிழமையைச் சொல்வேன். திக்கினால் திக்குவேன். இதனால் இரண்டு மூன்று பேர் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

மறு கோடையில் அந்த ஊருக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் புதுக் கழிப்பறை கட்டிக்கொண்டிருந்தார்கள், சுவர் இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. அவள் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் முறத்தில் நெல் புடைப்பது போலிருந்தது. ரேஷன் அரிசியில் கல் பொறுக்குகிறாள் என்பது கிட்டே போனபோதுதான் தெரிந்தது.

"அவுகள்லாம் கேரளாவுக்குப் போயிட்டாக. செங்கல் காளவாசலுக்கு. மாசி மாசமே போயாச்சு" என்றாள்.

"அந்தப் பிள்ளையுமா?"

"தனியா எப்பிடி விட்டுட்டுப் போறது? எல்லாரும்தேன்."

"இருமல் நின்னுருச்சா அவளுக்கு?"

அந்தப் பெண் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் யார் என்று யோசித்திருப்பாள்.

"இருமிக்கிட்டுத்தான் லாரியில ஏறுச்சு" என்றாள்.